வீட்டுக்கு ஒரு படித்தவன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன் எழுதியது)

வாழ்க்கை மேடும் பள்ளமும் நிறைந்தது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை முதன்முதலில் சொன்ன பெரியவர், எங்கள் ஊரிலிருந்து காலை 7.40க்குப் புறப்படும் நகரப் பேருந்தில் ஒருநாளாவது நின்றுகொண்டு வந்தவராகத்தான் இருக்கவேண்டும். மேடு வந்தால் நாம் பின்னால் நிற்பவர் காலை மிதிப்போம். பள்ளம் வந்தால் முன்னால் நிற்பவர் நம் காலை மிதிப்பார். கல்லூரி வாசலில் இறங்கும்போது வரவும் செலவும் நேராகியிருக்கும்.

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி கேட்ட எங்கள் பேராசிரியர், "அறிவியல் மாணவன்தானே, அணுவைப் பற்றி எழுதேன்" என்றார். அணுவைப் பற்றி எழுத உலகில் எத்தனையோ அறிஞர் பெருமக்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றி எழுதத்தான் என்னை விட்டால் ஆள் இல்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும். அப்பாயிக்குப் பெருவிரல்தான் பேனா. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி உண்டு. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவள் ஆபத்தானவள்.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அப்பா தேங்காய் உரிக்கும் கூலித் தொழிலாளி. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வந்து தோப்புகளைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிவிட்டுப் போனபோது, விழுந்தவை எல்லாம் பண்ணையார்களின் மரங்கள்தாம். ஆனால் மரத்தில் காய் இல்லாதபோது உரிப்பவனுக்கு என்ன வேலை? தென்னங்கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? அப்பா கேரளத்துக்குப் போனார். பத்தாம் வகுப்பு முடித்து நான் ஒரு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனேன். அதனால்தான் பத்தொன்பது வயதில் இருக்கவேண்டிய இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருபது வயதில் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் சிலர் என்னை "அண்ணே" என்பது மரியாதையால் அன்று.

நிற்க. பட்டப்படிப்பில் சேர்ந்த அன்றே எனக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. அதன் பெயர் "படித்தவன்". பல்கலைக்கழகம் மூன்று ஆண்டு கழித்துத் தரும் பட்டத்தை எங்கள் தெரு முன்பணமாகவே கொடுத்துவிட்டது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது விசாரணைக்கு வந்த அலுவலர், "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாராச்சும் பட்டம் வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டார். திண்ணையில் இருந்த அப்பாயி முந்திக்கொண்டு, "வாங்குறதாவது! இவன் அப்பன் பத்து வயசுல சொந்தமாச் செஞ்சே விடுவான், தென்னை உசரத்துக்குப் பறக்கும்" என்றார். அலுவலர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் எதற்குச் சிரிக்கவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

படித்தவன் என்றால் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று நண்பர்கள் நினைக்கிறீர்கள்? மாத்திரை அட்டையைப் பார்த்து இது காய்ச்சலுக்கா, கால்வலிக்கா என்று சொல்லத் தெரியவேண்டும். உரமூட்டையில் இருக்கும் மூன்று எண்களுக்குப் பொருள் தெரியவேண்டும். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி லாட்டரிப் பரிசா, மோசடியா, கடன்காரனா என்று பிரித்தறியவேண்டும். போன பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் மிக்சி நின்றுவிட்டது. "பிசிக்ஸ்தானே படிக்கிறே, பாரேன்" என்றார் அம்மா. நான் பிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுகூர்ந்து, மூன்று விரல்களையும் மூன்று திசையில் விரித்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா, எட்டாம் வகுப்பில் தவறியவர், வந்து கார்பனை மாற்றினார். மிக்சி ஓடியது. எனினும் அம்மா தெருவில் சொன்னது, "என் மகன்தான் கைய வச்சுப் பாத்து என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சான்" என்பதே. தாயுள்ளம்!

இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பது படிவம். 2023ஆம் ஆண்டு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்ப முகாம் நடந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் படிவத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். "நஞ்சை ஐந்து ஏக்கருக்குக் குறைவா, புஞ்சை பத்து ஏக்கருக்குக் குறைவா?" என்று கடைசி வீட்டு அத்தையிடம் கேட்டேன். அத்தைக்கு உள்ள நிலம் அவர் வீட்டு முருங்கைமரம் நிற்கும் இடம். அதுவும் புறம்போக்கு. "குறைவுன்னே போடுப்பா" என்றார். ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறதா என்ற கேள்விக்கு அவர் கூரையில் தொங்கிய ஒற்றை விளக்கை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ராத்திரி மட்டுந்தான் எரியுது" என்றார். அன்று மாலை எனக்குக் கிடைத்த கூலி நாலு முறுக்கும் ஒரு கோலி சோடாவும். ஆனால் அன்று நான் அடைந்த செருக்கு இருக்கிறதே, அதை எந்த மாவட்ட ஆட்சித்தலைவரும் அடைந்திருக்கமாட்டார்.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லாமல் போகமுடியவில்லை. 1956ஆம் ஆண்டிலேயே தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் என் அம்மாவும் தமிழ்தான் பேசுகிறார். படிவமும் தமிழ்தான் பேசுகிறது. இருவரும் சந்தித்தால் நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. "மேற்படி", "கீழ்க்காணும்", "உறுதிமொழி அளிப்பதோடு", "இதன்வாயிலாக", "தகுதியின்மை கண்டறியப்படும் நேர்வில்" - நேர்வில் என்றால் என்ன என்று எனக்கே திண்ணையில் வியர்த்தது. "சமயத்தில்" என்று எழுதினால் எந்த அலுவலகத்தின் கௌரவம் குறைந்துவிடும்? படிவம் எழுதுகிற பெருமக்கள் அதை அச்சுக்கு அனுப்புமுன், என் அப்பாயியைப் போன்ற ஒருவரை எதிரில் உட்காரவைத்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது என் கட்சி. அவர் எந்த இடத்தில் "ஆங்?" என்கிறாரோ அந்த இடத்தைத் திருத்தட்டும். பாதிப் படிவம் மறைந்துபோகும், காகிதமும் மிச்சம்.

சொல்லவந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இதுவரை எழுதியதெல்லாம் என் பெருமை. எழுதுவதற்கு எளிதாக இருந்தது.

2021ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் பத்தாம் வகுப்பில் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். எழுதாமல் வென்றவன், கல்லூரிக்கு வந்து முதல் பருவத்தில் எழுதித் தோற்றேன். துணைப்பாடமான கணிதத்தில் 40 வேண்டிய இடத்தில் 31. மதிப்பெண் பட்டியலில் மற்றப் பாடங்களுக்கு நேரே ஓரெழுத்து இருக்க, கணிதத்துக்கு நேரே மட்டும் இரண்டெழுத்து இருந்தது. ஆர், ஏ. மீண்டும் வந்து எழுது என்று பொருள்.

அப்பா பட்டியலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து தெரியாதவருக்கு எண்ணிக்கை தெரியும் அல்லவா? "எல்லாத்துக்கும் ஒரு எழுத்து போட்டுட்டு இதுக்கு மட்டும் என்னப்பா ரெண்டு எழுத்து?" என்றார்.

நான் பொய் சொல்வதற்கு முன் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்து சொல்லிற்று: "ஆர் ஏ-ன்னா 'ரொம்ப அருமை'ப்பா."

அந்தோ! அப்பா அதை நம்பினார். நம்பியதோடு நின்றாரா? மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பட்டியலுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு வந்து, முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே ஆணி அடித்து மாட்டினார். தோப்பில், தேநீர்க் கடையில், கலியாண வீட்டில், "கணக்குல மட்டும் 'ரொம்ப அருமை'ன்னு தனியாப் போட்டுக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் ஊரில் ஆங்கிலம் தெரிந்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் எவராவது வீட்டுக்கு வந்தால் நான் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொள்வேன். அந்த மூன்று மாதமும் என் சட்டையின் முதுகு சுண்ணாம்பாகவே இருந்தது. தங்கை இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் வாயை அடைக்க, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் என் கணக்கில் விழுந்த 1000 ரூபாயில் மாதம் ஒரு பங்கு போயிற்று. அரசு எதற்கோ கொடுத்தது, எதற்கோ போயிற்று.

சிரிக்கிறீர்கள். நானும் அப்போது உள்ளுக்குள் சிரித்தேன். எழுத்தறியாத வீட்டில் எழுத்தறிந்தவன் என்ன சொன்னாலும் அதுவே எழுதியிருப்பது ஆகிவிடுகிறது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு அது பழகிவிட்டது. அப்பாயியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை 280 என்றிருந்தது. "கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்று சொன்னேன், பயப்படுவாரே என்று. தங்கையின் பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். "வசதிப்பட்டா வரச்சொல்றாங்க" என்றேன், அப்பாவுக்கு அன்று ஒரு நாள் கூலி போகுமே என்று. எல்லாம் நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு ஒரு வரியை விட்டுவிட்டுப் படிப்பது எவ்வளவு சுலபம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். இதைப் படிக்கும் நண்பர்களில் பலருக்கு அந்த அனுபவம் உண்டு என்று எண்ணுகிறேன், கை தூக்கவேண்டாம்.

2025 ஆகஸ்டில் ஒருநாள் காலை, நான் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கடைசி வீட்டு அத்தை ஒரு கடிதத்தோடு ஓடி வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் முதல்நாள் கொடுத்த கடிதம். நகைக்கடன் விஷயம். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, நகை சம்பந்தமாக எந்தக் கடிதம் வந்தாலும் எங்கள் தெருவில் முதலில் கேட்கிற கேள்வி, "தள்ளுபடியா பாரு" என்பதுதான். கடன் கொடுத்தது கூட்டுறவு வங்கியா, தனியாரா என்கிற பேதமெல்லாம் ஆசைக்குத் தெரியாது.

அத்தையின் கணவர் மூன்று மாதமாகப் படுக்கையில். அவர் வைத்தியத்துக்கு வைத்ததுதான் அந்த மூன்று சவரன் சங்கிலி. மகள் கலியாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தது. கடிதத்தில் ஒரு தேதி போட்டு, அதற்குள் அசலும் வட்டியும் செலுத்தாவிட்டால் நகை ஏலம் விடப்படும் என்று எழுதியிருந்தது. நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. முக்கில் 7.40 வண்டியின் ஹாரன் கேட்டது.

"வட்டி கட்டச்சொல்லி ஞாபகப்படுத்தியிருக்காங்க, அத்தை. பயப்பட ஒண்ணுமில்லை. சாயங்காலம் வந்து விவரமாச் சொல்றேன்."

இரக்கம் முக்கால் பங்கு, பேருந்து கால் பங்கு. பின்னால் பலமுறை இந்தப் பங்கீட்டை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்; உண்மையில் பேருந்தின் பங்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சாயங்காலம் போனேனா? மட்டைப்பந்து ஆடப் போனேன். மறுநாள் மறந்தேன். அத்தை அந்தக் கடிதத்தைச் சர்க்கரை டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். படித்தவன் சொல்லிவிட்டான் அல்லவா?

பதினைந்து நாள் கழித்து, நம் கல்லூரி நூலகத்தில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழுப்பக்கத்துக்கு நகை ஏல அறிவிப்பு. பெயரே இல்லை, கடன் எண்கள் மட்டும் எறும்பு வரிசை மாதிரி. எந்தக் கம்பெனியோ, எந்த ஊரோ. அத்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் பொடியெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டிற்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு திண்ணையும், திண்ணையில் ஒரு படித்தவனும் இருந்திருப்பான். அவன் என்ன படித்துக் காட்டினானோ! அத்தையின் கடிதத்தில் இருந்த தேதியை நினைவுபடுத்திப் பார்த்தேன். இன்னும் நான்கு நாள் இருந்தது.

பிற்பகல் வகுப்பைப் பேராசிரியர் மன்னிக்கவேண்டும். அன்று நான் தலைவலி என்று எழுதிக் கொடுத்ததும் பொய்தான்.

நான் நேராக அத்தை வீட்டுக்குப் போகவில்லை, துணிவில்லை. தோப்புக்குப் போனேன். அப்பா கடப்பாரையில் தேங்காயைக் குத்தி உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரிப்பதைப் பார்த்தால் தேங்காய் தானே சட்டையைக் கழற்றிக்கொள்வதுபோல் இருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உரித்த காயை எண்ணினார். ஒரு கைக்கு இரண்டாகத் தூக்கிப் போட்டு எண்ணுவது வழக்கம். எண்ணி முடித்துக் கூலிக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, என்னோடு நடந்தார்.

எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு மேலே உள்ள தகரம் கஜா புயலில் பறந்து போய்த் திரும்பக் கண்டெடுத்தது. ஏழு வருஷமாக அதை மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று சேர்த்த பணம் அம்மாவின் சேலை மடிப்பில் இருந்தது. மறுநாள் அப்பா, அத்தை, நான் மூவரும் போனோம். வட்டி முழுவதும், அசலில் ஒரு பகுதியும் கட்டித் தவணை வாங்கினோம். சங்கிலி தப்பியது. 2025இல் தங்கம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, ஏலத்தில் போயிருந்தால் அத்தை அந்த மூன்று சவரனை மறுபடி எந்தக் காலத்தில் வாங்குவது? திரும்பி வரும்போது பேருந்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீ படிச்சிருந்ததால ஆச்சு" என்றார். அவருக்கு அப்பா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னேன், இறங்குவதற்கு முந்தின நிறுத்தத்தில். அத்தை கையை எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர் நிறுத்தம் வந்தபோது, "சரி, எறங்கு" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் வரை எங்கள் திண்ணைக்கு அவர் வரவில்லை.

அன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் சுவரிலிருந்த பிளாஸ்டிக் உறையைக் காட்டி, இரண்டெழுத்துக்கும் உண்மையான பொருளைச் சொன்னேன். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். மாத வருமானம் நின்ற துக்கமாக இருக்கலாம்.

"அப்ப கணக்குல எத்தனை?"

"31."

"எத்தனை வேணும்?"

"40."

"ஒம்பது குறையுது" என்றார். கழித்தலில் அவர் என்னைவிட வேகம். வெகுநேரம் பேசவில்லை. திட்டுவார், அடிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். கடைசியில் அவர் கேட்டது இது:

"நீ எங்களுக்குப் படிச்சுச் சொன்னதுல வேற எதெல்லாம் இப்புடி?"

நண்பர்களே, பல்கலைக்கழகத் தேர்வில் எனக்கு விடை தெரியாத வினாக்கள் வந்ததுண்டு. விடை முழுவதும் தெரிந்தும் எழுதக் கூசிய வினா இஃது ஒன்றுதான். அப்பாயியின் சர்க்கரையைச் சொன்னேன். தங்கையின் பள்ளியைச் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்றைச் சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பட்டம் வாங்கியவர் உண்டா என்று அலுவலர் கேட்டபோது அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அன்று இரவு ஒருவாறு விளங்கிற்று. படிக்காமல் விட்டது அவருக்கு வேடிக்கையாக இருந்ததே இல்லை. நான்தான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

மறுவாரம் அப்பாயியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்பாயியிடம் சொன்னேன். பயப்படுவார் என்றுதானே முன்பு மறைத்தேன்? அவர் பயப்படவில்லை. "இத அப்பவே சொல்லியிருந்தா அந்தச் சீனிக் காப்பியை அப்பவே விட்டிருப்பேன்ல" என்றார். ஆனால் இன்னும் விடவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மதிப்பெண் பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றப் போனேன். "கெடக்கட்டும். அதை நீ எழுதி முடிச்சு வேற வந்தா, இதுக்குப் பக்கத்துலயே மாட்டிக்கலாம். ஆணி இருக்கு" என்றார் அப்பா. ஆகவே, இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முருகனுக்கும் காலண்டருக்கும் நடுவே என் தோல்வியைத் தரிசிக்கலாம். நான் சுவரில் சாய்வதில்லை. சட்டை சுத்தமாக இருக்கிறது. முன்கூடத்தில்தான், அடைமழையில் தகரம் ஒழுகி என் ஒளியியல் புத்தகம் உப்பிப்போய்விட்டது.

வீட்டில் ஒரு புதிய நடைமுறையும் வந்திருக்கிறது. எந்தத் தாள் வந்தாலும் முதலில் நான் உரக்கப் படிக்கவேண்டும். பிறகு அதையே தங்கை உரக்கப் படிக்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அப்பா காதால் தணிக்கை செய்வார். இந்த ஏற்பாட்டில் எனக்குச் சற்று அவமானம்தான். ஆனால் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியவில்லை. கணக்குப்பிள்ளையின் கணக்கைக்கூட இன்னொருவர் சரிபார்க்கிறார்களே!

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தார்கள். மறுபடியும் எங்கள் திண்ணை நிறைந்தது. "தீவிரம்னா? ஆருக்கு என்ன?" என்று பதறினார் அம்மா, எங்களுக்குத் தெரிந்த தீவிரமெல்லாம் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடவேண்டும். அப்பாயிக்குத் தேடினோம். அந்தப் பட்டியலில் இருந்த வயதைக் கொண்டு கணக்குப் போட்டால் இப்போது ஒரு வயது வந்தது. ஆதாரில் வேறொரு வயது. அப்பாயியோ தன் கணக்கைச் சொன்னார்: 1952ஆம் வருஷத்துப் புயலில் இடுப்புக் குழந்தை, 1977 புயலில் என் அப்பா வயிற்றுக்குள், கஜாவில் நான் அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். புயலில் பிறழாத அந்தக் கணக்கை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

வரிசையில் கடைசியாகக் கடைசி வீட்டு அத்தையும் வந்து நின்றார். படிவத்தை என்னிடம் நீட்டினார். தங்கையைக் கூப்பிடட்டுமா என்றேன். "நீயே படி. விடாமப் படி" என்றார். மேலே அச்சிட்டிருந்த எண்ணிலிருந்து கீழே கையொப்பமிடும் இடம் வரை, "நேர்வில்" போன்ற சொற்கள் வந்த இடத்திலெல்லாம் நிறுத்திப் பொருள் சொல்லிப் படித்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. நடுவில் 7.40 வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அடுத்த வண்டி 9.15க்கு.

அதே நவம்பரில் அந்தக் கணிதத் தாளையும் மறுபடி எழுதினேன். இதை எழுதும்போது முடிவு வரவில்லை. ஐந்து கணக்கில் நாலு சரி என்று நினைக்கிறேன். ஐந்தாவதை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டேன். விட்டதை அன்று மாலையே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.